ஹட்டன் பக்கம் ரெண்டு நாள் பைக் ரைட் போறதுன்னா: கிலோமீட்டர விடுங்க, மணித்தியாலத்த பாருங்க

மேப்ல போட்டுப் பாத்தா வெள்ளவத்தைல இருந்து அவிசாவளை, ஹட்டன் வழியா நுவரெலியாவுக்கு 170 கிலோமீட்டர் கிட்ட காட்டும். அத பாத்த உடனே நம்ம பொடியன்மார் "அப்ப மூணு மணித்தியாலம் மச்சான், எட்டு மணிக்கு கெளம்பினா பகல் சாப்பாடு அங்கதான்"னு கணக்கு போடுவாங்க, அங்கதான் எல்லாப் பிழையும் தொடங்குது. விடிய அஞ்சு மணிக்கு ஹைலெவல் ரோட்டுல ஓடுற ஒரு கிலோமீட்டரும், பின்னேரம் மூணு மணிக்கு மழைல கினிகத்தேனை ஏத்தத்துல ஒரு பஸ்சுக்குப் பின்னால டீசல் புகைய குடிச்சிக்கிட்டு ஓடுற ஒரு கிலோமீட்டரும் ஒண்ணா? அம்மா ஊரு தலவாக்கலை பக்கம், சின்ன வயசுல பஸ்ல போய் நான் வாந்தி எடுத்த பெண்ட் எல்லாத்தையும் இப்ப பைக்ல எடுக்கிறேன், அதனால இந்த ரோடப் பத்தி கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கங்க.

முதல்ல மாசம். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் இந்தப் பக்கம் நல்லா இருக்கும், காலைல குளிரு, பகல்ல வெளிச்சம், மழை குறைவு. ஏப்ரல்ல நுவரெலியா சீசன், ரூம் விலையும் கூட, கிரகரி வாவி பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, அப்ப போறதும் ஒண்ணுதான் புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்ல நிக்கிறதும் ஒண்ணுதான். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை நேரா கினிகத்தேனை, வட்டவளை பக்கம்தான் வந்து இறங்கும், வட்டவளை நாட்டுலயே கூட மழை பெய்யிற இடங்கள்ல ஒண்ணு, அந்த மாசங்கள்ல பைக் ஓட ஆசைன்னா பண்டாரவளை, எல்ல பக்கம் போங்க, மலைக்கு அந்தப் பக்கம் அப்ப காஞ்சி கிடக்கும். ஒக்டோபர், நவம்பர்ல காலைல நல்லா வெயில் அடிக்கும், பின்னேரம் இடி மின்னலோட கொட்டும். 2025 நவம்பர் கடைசில டித்வா சூறாவளி வந்து மலைநாட்டு ரோடுகள என்ன செஞ்சதுனு எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பிறகு நான் கெளம்புறதுக்கு முந்தின நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கைய பாக்காம போறதே இல்ல. நுவரெலியா மாவட்டத்துக்கு செம்மஞ்சளோ சிவப்போ போட்டிருந்தா ரூமுக்கு கட்டின அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லனு நிப்பாட்டிருங்க.

எத்தனை பேர்? அஞ்சு பைக் தாண்ட வேணாம். பத்து பைக் போனா ஒருத்தன் பெட்ரோல் அடிக்கணும்பான், ஒருத்தன் போட்டோ எடுக்கணும்பான், இன்னொருத்தன் டொய்லட் போகணும்பான், ஒவ்வொண்ணுக்கும் 15 நிமிஷம்னா உங்க காலை அப்படியே கரைஞ்சி போயிரும். பைக் என்ன வேணாலும் இருக்கட்டும், பெரிய பைக் இல்லயேனு யாரும் ஏங்க வேணாம், 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி அஞ்சு வருஷம் மூடி வச்சிருந்ததுல நம்ம எல்லாரு கையிலயும் இருக்கிறது பழைய பல்சர், எஃப்சி, டியோ, சிடி 100தான். நாங்க போன கூட்டத்துல பல்சர் 150 ரெண்டு, எஃப்சி ஒண்ணு, ஹோர்னட் ஒண்ணு, டியோ ஒண்ணு. பெட்ரோல் கணக்கு மட்டும் சின்ன டாங்குக்காரனோட கணக்குதான் எல்லாருக்கும், பல்சர்ல 15 லீட்டர் பிடிக்கும், ஒரு தரம் நிரப்பினா போய் வந்திரலாம், டியோல அஞ்சு லீட்டர் சொச்சம்தான், அதனால அவன் ஷெட்டுக்குள்ள போற நேரம் எல்லாரும் போங்க, போய் அடிச்சிட்டு ஒரே தரமா வெளில வாங்க. அவிசாவளைல ஒண்ணு, ஹட்டன்ல ஒண்ணு, போதும்.

இனி பைக். ஒரு கிழமைக்கு முந்தியே சேர்விஸ் செஞ்சிருங்க, வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு போய் விட்டுட்டு சனிக்கிழமை விடிய ரைட் போகாதீங்க. நான் இத சும்மா சொல்லல. வீட்டுக்கு பக்கத்துல இருக்கிற ஒரு கராஜ்ல வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு என்னோட பல்சர எடுத்தேன், "எல்லாம் ஓகே தம்பி, செயின் டைட் பண்ணியிருக்கு"னு சொன்னாங்க. டைட் பண்ணியிருந்தாங்கதான், நல்லாவே பண்ணியிருந்தாங்க, வீணைக் கம்பி மாதிரி. தேஞ்ச செயின் ஒண்ண அப்படி இழுத்து வச்சா ஆள் ஏறி உக்காந்து குழில விழும்போது அது எங்க போகும்? வட்டவளை தாண்டி ஒரு வளைவுல, மழை தூறிக்கிட்டு இருக்கு, பின்னால என் மச்சான் பேக்கோட உக்காந்திருக்கான், ரெண்டாவது கியர்ல இழுக்கும்போது டக்குனு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு எஞ்சின் மட்டும் கத்துது, பைக் நகரல. திரும்பிப் பாத்தா செயின் ரோட்டுல பாம்பு மாதிரி கிடக்கு.

தள்ளிக்கிட்டு போனதுல ஒரு சின்ன தகரக் கொட்டகை, சைக்கிளும் த்ரீவீலரும் செய்யிற இடம். உள்ள இருந்த அண்ணன் செயின கைல எடுத்து ரெண்டு விரலால பக்கவாட்டுல வளைச்சிப் பாத்தாரு, அது நல்லா வளைஞ்சிச்சு, வளையக் கூடாது. "இத வச்சிக்கிட்டா கொழும்புல இருந்து ஏறி வந்தீங்க?"னு கேட்டுட்டு ஒரு பழைய பால்மா டின்ன கவுத்தினாரு, நட்டு, வொஷர், ஸ்போக் எல்லாம் கொட்டிச்சு, அதுக்குள்ள கிண்டிக் கிண்டி செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற செயின் லொக் ஒண்ணு எடுத்தாரு. சைஸ் சரியா இருந்தது எங்க அதிர்ஷ்டம். போட்டுட்டு அதோட வாய் எந்தப் பக்கம் இருக்கணும்னும் காட்டினாரு, செயின் ஓடுற திசைக்கு அந்த கிளிப்போட மூடின பக்கம் முன்னுக்கு இருக்கணும், திறந்த பக்கம் பின்னுக்கு, மாறிப் போட்டா எதுலயாவது தட்டுப்பட்டு கழண்டு வந்திரும். இந்த வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் போச்சு, நாங்க தலவாக்கலைக்கு போய்ச் சேரும்போது இருட்டி, மிஸ்ட் இறங்கி, ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாத நிலைமை.

அதனால பாக்க வேண்டியது இதுதான். செயின நடுவுல பிடிச்சி மேல கீழ ஆட்டினா ரெண்டு விரல் அளவு ஆடணும், பக்கவாட்டுல வளைஞ்சா, ஸ்ப்ரொக்கட் பல்லு கூரா இருந்தா மொத்த செட்டையும் மாத்துங்க. பிரேக் பேட், பின்னுக்கு ட்ரம்னா பிரேக் ஷூ, இத கட்டாயம் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, திரும்பி வரும்போது உங்க உயிர் அதுலதான் இருக்கு. டயர்ல பட்டன் இல்லாம வழுக்கையா இருந்தா கொழும்புல ஓடலாம்னு நினைப்பீங்க, மலைல பாசி பிடிச்ச வளைவு இருக்கு. காத்து அடிக்கிறது டயர் சூடாக முந்தி, ரெண்டு பேர் போறதுன்னா பின் டயருக்கு எவ்வளவுனு பைக்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயே இருக்கும். கிளச் கேபிள் ஒண்ணு, பிளக் ஒண்ணு, ஃபியூஸ் ரெண்டு, செயின் லொக் ஒண்ணு, டியூப்லெஸ் பங்சர் கிட், சின்ன பம்ப், இன்சுலேஷன் டேப், இவ்வளவும் பஞ்சிகாவத்தைல ஒரு சுத்து சுத்தினா கிடைச்சிரும், கூட்டத்துக்கு ஒரு செட் போதும், ஆனா கேபிளும் லொக்கும் ஒவ்வொரு பைக்குக்கும் வேற வேற, அத அவனவன் கொண்டு வரணும்.

பேப்பர்ஸ் மறக்காதீங்க, லைசன், ரெவனியூ லைசன்ஸ், இன்ஷூரன்ஸ், எமிஷன். பின்னுக்கு இருக்கிறவருக்கும் ஹெல்மட், எஸ்எல்எஸ் முத்திரை உள்ளது. உடுப்புல பெரிசா காசு செலவழிக்க வேணாம், தடிச்ச ஜீன்ஸ், ஜாக்கட் ஒண்ணு, கையுறை, சப்பாத்து. செருப்போட வாறவன திருப்பி அனுப்புங்க, உண்மையா சொல்றேன். ரெயின்கோட் மேல கீழ ரெண்டு துண்டா இருக்கணும், போர்வை மாதிரி போடுற ஒண்ணு இருக்கே, அது காத்துல பறந்து பின் சில்லுல சுத்தினா கதை முடிஞ்சிச்சு. பேக்குக்கு உள்ள உடுப்ப சிலிசிலி பேக்ல போட்டு முடிச்சிப் போடுங்க, இன்னும் நாலு சிலிசிலி பேக் எடுத்துக்கங்க, சொக்ஸுக்கு மேல மாட்டி சப்பாத்த போட்டா கால் நனையாது, பாக்க கேவலமா இருக்கும், ஆனா ஹட்டன்ல காஞ்ச காலோட இறங்கிறவன் நீங்கதான்.

கெளம்புறது காலைல நாலரைக்கு. நாலரைன்னா நாலரைக்கு பைக் ஸ்டார்ட்ல இருக்கணும், நாலரைக்கு "மச்சான் எழும்பிட்டேன்"னு மெசேஜ் போடுறது இல்ல. ஹைவேல பைக் ஏத்த விடமாட்டாங்க, அதனால மேப்ல பைக் மோட்ல போட்டுக்கங்க, இல்லன்னா அது உங்கள இன்டர்சேஞ்ச் வாசல் வரைக்கும் கூட்டிப் போய் விட்டுரும். நுகேகொடை, மஹரகம, ஹோமாகம எல்லாம் தூங்கிக்கிட்டு இருக்கும்போதே தாண்டிட்டா ஆறு மணிக்கு அவிசாவளைல பிளேன்டீ குடிக்கலாம். இதே தூரத்த எட்டு மணிக்கு ஓடிப் பாருங்க, மஹரகமலயே விளங்கும். தெரு நாய்களுக்கு மட்டும் கவனம், விடியும்போது அதுங்க ரோட்டு நடுவுலதான் சூடு காயும்.

அவிசாவளைல நேரா இரத்தினபுரி ரோட்டுல போயிராதீங்க, நமக்கு வேண்டியது ஏ7, கரவனல்லை, யட்டியாந்தோட்டை வழியா போறது. கூட்டமா போகும்போது ஒரே ஒரு சட்டம்தான் நான் சொல்லுவேன்: உங்களுக்குப் பின்னால வாறவன் உங்க பொறுப்பு. சந்தி எங்க வந்தாலும், அவிசாவளையோ கரவனல்லையோ கினிகத்தேனையோ, பின்னால வாறவனோட லைட் கண்ணாடில தெரியிற வரைக்கும் ஓரமா நில்லுங்க. முன்னுக்கு ரோடு தெரிஞ்சவன், அவனுக்கு அடுத்ததா சின்ன பைக், கடைசில டூல்ஸோட நல்லா ஓடத் தெரிஞ்சவன். நேரான ரோட்டுல இடம் வலமா மாறி மாறி ஓடுங்க, வளைவு தொடங்கினா ஒருத்தர் பின்னால ஒருத்தர். யாரையும் துரத்தாதீங்க, முன்னால போறவன் தெரியலன்னா அடுத்த சந்தில நிப்பான்னு தெரிஞ்சா யாரும் துரத்த மாட்டாங்க.

கித்துல்கலைல காலைச் சாப்பாடு. களனி கங்கை ரோட்டுக்கு பக்கத்துலயே ஓடுது, ரப்பர் போட்டில போறவங்க கத்துறது கேக்கும், நமக்கு அதுக்கு நேரம் இல்ல, அது வேற ஒரு நாளைக்கு. எங்க கூட்டத்துல ஒருத்தன் சனிக்கிழமை மரக்கறி, ஒருத்தனுக்கு ஹலால், ஒருத்தனுக்கு எது குடுத்தாலும் சரி, அதனால எங்களுக்கு பொதுவான மதம் தோசைதான். வயிறு முட்ட சாப்பிடாதீங்க, அடுத்து வாறது ஏத்தம். எல்லாரும் ஆளுக்கு இவ்வளவுனு போட்டு ஒருத்தன் கைல குடுத்திருங்க, கடைக்கு கடை அஞ்சு பேரு பர்ஸ் தேடுறதுல போற நேரம் இருக்கே.

கினிகத்தேனைல இருந்துதான் உண்மையான ரோடு. கொழும்பு உசரத்துல இருந்து கெளம்பின நீங்க ஹட்டனுக்கு போகும்போது 1,270 மீட்டர் கிட்ட ஏறியிருப்பீங்க, நுவரெலியா 1,868. காபரேட்டர் பைக்குன்னா மேல போகப் போக இழுவை குறையும், காத்து மெல்லிசு, பெட்ரோல் அதே அளவு போகுது, அதனால எஞ்சின் கொஞ்சம் மூச்சு முட்டும், பழுதுனு பயப்படாதீங்க, ஒரு கியர் குறைச்சிப் போடுங்க. வளைவுல பஸ் எப்படி வரும்னு தெரிஞ்சி வச்சிக்கங்க, நீளமான பஸ் ஒண்ணால அந்த வளைவ தன் பக்கத்துலயே வச்சி எடுக்க ஏலாது, அது நம்ம பக்கத்துக்கு வரும், வந்தே ஆகும், ஹோன் சத்தம் கேட்டா இடப் பக்கம் ஒதுங்கி ஸ்லோ பண்ணுங்க, உரிமை பத்தி கதைக்கிற இடம் அது இல்ல. இன்னொண்ணு, வலப் பக்கம் திரும்புற வளைவுல சில்லு நம்ம பக்கத்துலதான் இருக்கும், ஆனா சாயும்போது தலையும் தோளும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிரும், நிறைய பேருக்கு இது விளங்குறதே இல்ல. கோட்டுல இருந்து நல்லா தள்ளியே எடுங்க. மிஸ்ட் வந்தா ஹைபீம் போட்டா முன்னுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்லயே ஓடுங்க.

ஹட்டன் தாண்டி பத்தனை பக்கம் வந்தா டெவன், அதுக்கு அப்புறம் சென் கிளேயர், ரெண்டு நீர்வீழ்ச்சியும் ரோட்டுல இருந்தே தெரியும். நிக்கிறதுன்னா வியூ பொயிண்ட்ல மட்டும் நில்லுங்க, வளைவுல பைக்க நிப்பாட்டி செல்ஃபி எடுக்கிறவங்கள பாத்தா எனக்கு கோபம்தான் வரும். சென் கிளேயர்ல அம்மா சின்ன வயசுல பாத்த தண்ணி இப்ப இல்ல, 2012ல மேல் கொத்மலை மின்சாரத் திட்டம் ஓடத் தொடங்கின பிறகு தலவாக்கலைல அணைக்கட்டு தண்ணிய பிடிச்சிக்கிது, அந்த அணையும் ரோட்டுக்கு பக்கத்துலதான், பாக்கலாம். கொழுந்து மலைக்குள்ள இறங்கி போட்டோ எடுக்கிறதுன்னா அட்டை ஏறும், அதோட அங்க கொழுந்து எடுக்கிற அக்காமாரு வேலை செஞ்சிக்கிட்டு இருக்காங்க, கேட்டுட்டு எடுங்க, கேக்காம மூஞ்சிக்கு முன்னால ஃபோன நீட்டாதீங்க.

பகல் ரெண்டு மணிக்குள்ள தங்குற இடத்துல பைக்க நிப்பாட்டிருங்க. நான் நுவரெலியா டவுன்ல தங்க மாட்டேன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் தங்கினா அமைதியும் இருக்கு, விலையும் குறைவு. புக் பண்ணும்போது ரெண்டு கேள்வி: சுடுதண்ணி இருக்கா, பைக் கேட்டுக்கு உள்ள விட ஏலுமா. மூணு மணிக்கு மழை இறங்கும், நீங்க ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து பிளேன்டீயோட அத பாத்துக்கிட்டு இருப்பீங்க, எட்டு மணிக்கு கெளம்பினவங்க அந்த நேரம் கினிகத்தேனைல நனைஞ்சிக்கிட்டு இருப்பாங்க. போத்தல் எடுக்கிறவங்க ரைட் முடிஞ்ச பிறகு எடுங்க, ஆனா பத்து மணிக்கு மூடி வச்சிருங்க, விடிய ஓடணும். போயா வீக்கெண்ட்னா கடை பூட்டு, அது உங்க பாடு.

ஞாயிறு காலைல குளிருக்கு பைக் லேசுல ஸ்டார்ட் ஆகாது, சோக் போட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. நுவரெலியா, லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளைனு இறங்குற ரோடு ஏறினத விட அழகு, ஏறினத விட பொல்லாதது. 1,868 மீட்டர்ல இருந்து கம்பளைல ஐந்நூறு அளவுக்கு இறங்குறீங்க. ஏறும்போது எஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலைனு நினைக்காதீங்க, இறங்கும்போதும் எஞ்சினுக்குத்தான் வேலை. எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, ரெண்டு இல்ல மூணு, கிளச்ச பிடிச்சிக்கிட்டு நியூட்ரல்ல உருட்டுறது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறது இல்ல, தற்கொலை. பிரேக்க தொடர்ந்து பிடிக்காதீங்க, வளைவுக்கு முந்தி நல்லா பிடிச்சி ஸ்பீட குறைச்சிட்டு விடுங்க, ஆற விடுங்க, திருப்பி பிடிங்க.

ஸ்கூட்டர்காரங்களுக்கு இது ரெட்டிப்பு கஷ்டம், கியர் இல்ல, எஞ்சின் அவ்வளவா பிடிச்சி வைக்காது, எல்லாம் பிரேக்லதான். எங்க டியோக்காரன் றம்பொடைக்கு மேல "மச்சான் ஏதோ கருகுது"னு சொன்னான், லீவர பிடிச்சா ஹாண்டில் வரைக்கும் போகுது. ஓரமா நிப்பாட்டி இருபது நிமிஷம் சும்மா இருந்தோம். ஒருத்தன் தண்ணிப் போத்தல தூக்கிக்கிட்டு வந்தான் ஊத்த, வேணாம்னு தடுத்தோம், சூடான ட்ரம்முல பச்சைத் தண்ணி ஊத்தினா வெடிக்கும், வளையும். தானா ஆறட்டும். அதுக்குப் பிறகு அவன முன்னுக்கு விட்டு அவன் வேகத்துலதான் எல்லாரும் இறங்கினோம், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நிப்பாட்டி, அந்த நிப்பாட்டின இடங்கள்ல எடுத்த போட்டோதான் கடைசில நல்லா வந்திச்சு.

கம்பளைல இருந்து பேராதனை போய் கண்டி ரோட்டுல இறங்கலாம், கடுகண்ணாவ இறக்கம் அழகுதான், ஆனா ஞாயிறு பின்னேரம் கேகாலை, வறக்காப்பொல, நிட்டம்புவ, கடவத்தைனு நாடே கொழும்புக்கு திரும்பும், அதுக்குள்ள மாட்டினா மூணு மணித்தியாலம் கிளச் பிடிச்ச கை வீங்கும். நாங்க கம்பளைல இருந்து நாவலப்பிட்டி போய் கினிகத்தேனைல ஏ7ல ஏறுவோம், நாவலப்பிட்டி ரோடு சின்னது, ரயில் பாதையும் மகாவலியும் கூட வரும், வாகனம் குறைவு. காலை ஏழுக்கு கெளம்பினா நிப்பாட்டி நிப்பாட்டி வந்தாலும் நாலு மணிக்குள்ள ஹங்வெல்ல தாண்டலாம்.

யாராவது விழுந்தா, சின்னதோ பெரிசோ, முதல்ல ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்தி வாகனத்த ஸ்லோ பண்ணுங்க, ஹெல்மட்ட இழுத்துக் கழட்டாதீங்க, 1990க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமா வரும். சிக்னல் இல்லாத வளைவுகள் இருக்கு, அதனால ரெண்டு கம்பனி சிம் கூட்டத்துல இருக்கிற மாதிரி பாத்துக்கங்க.

வீட்டுக்கு வந்த உடனே பைக் கழுவ தெம்பு இருக்காது, அத திங்கக்கிழமைக்கு விடுங்க. செயினுக்கு மட்டும் அன்னைக்கு ராவே துணியால துடைச்சி எண்ணெய் விட்டுருங்க, மழைல நனைஞ்ச செயின் வெள்ளவத்தை கடல் காத்துல விடியறதுக்குள்ள செவந்து போயிரும்.